மதப் பாகுபாட்டுத் தடை மசோதா: காக்க வந்த சட்டத்தை எதிர்த்தது ஏன்?

மதத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வருகிறது. மனித உரிமை அமைப்புகள் அதை எதிர்க்கின்றன. வழக்கறிஞர் மன்றம் குறை சொல்கிறது, மாற்றுத்திறனாளி அமைப்புகள் பயப்படுகின்றன. கடைசியில், இப்படி ஒரு சட்டம் வேண்டுமென்று வருடக்கணக்கில் கேட்டுவந்த கிறிஸ்தவ அமைப்பே ‘இதைத் திரும்பப் பெறுங்கள்’ என்கிறது. 2022 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் நடந்தது இதுதான். தலைப்புச் செய்தியை மட்டும் படித்தவர்களுக்கு ஒன்றும் பிடிபட்டிருக்காது. மசோதாவில் நாலைந்து பிரிவுகளை எடுத்து நிதானமாகப் படித்தால் போதும், யார் எதற்குச் சண்டை போட்டார்கள் என்பது தெரிந்துவிடும்.

அதற்கு முன் ஓர் அடிப்படை. பாகுபாட்டுத் தடைச் சட்டம் எதை எடுத்தாலும் அதில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் இருக்கும். எந்த அடையாளத்தைக் காக்கிறது: இனமா, பாலினமா, ஊனமா, வயதா, மதமா? எந்த இடங்களில் செல்லும்: வேலையிலா, பள்ளியிலா, வாடகை வீட்டிலா, கடையிலா? எதைப் பாகுபாடு என்கிறது? யாருக்கு விலக்கு தருகிறது? பாதிக்கப்பட்டவர் எங்கே போய்ப் புகார் கொடுப்பது? செய்தியாளர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுவார்கள். சட்டம் தெரிந்தவர்கள் நேரே நான்காவதுக்குப் போவார்கள்.

மூன்றாவது கேள்விக்குப் பொதுவாக இரண்டு பதில்கள் உண்டு. ‘முஸ்லிம்களுக்கு வீடு கிடையாது’ என்று வீட்டு ஏஜென்ட் சொன்னால் அது நேரடிப் பாகுபாடு. ‘ஊழியர்கள் யாரும் தலையில் எதுவும் அணியக் கூடாது’ என்று ஒரு கடை விதி போட்டால், பார்வைக்கு அது எல்லோருக்கும் ஒரே விதி. ஆனால் தலைப்பாகை கட்டும் சீக்கியருக்கும் ஹிஜாப் அணியும் பெண்ணுக்கும் அங்கே வேலை இல்லை. இது மறைமுகப் பாகுபாடு. இதில் ‘அந்த விதி நியாயமானதா’ என்ற கேள்வியும் சேரும். சமையலறையில் முடி விழாமலிருக்க வலை போடச் சொல்வது வேறு, ஜவுளிக் கடையில் தலைப்பாகையைக் கழற்றச் சொல்வது வேறு.

ஆஸ்திரேலியாவில் இருந்த ஓட்டை

ஆஸ்திரேலியக் கூட்டாட்சி அரசிடம் நான்கு பாகுபாட்டுத் தடைச் சட்டங்கள் இருக்கின்றன: இனத்துக்கு 1975, பாலினத்துக்கு 1984, ஊனத்துக்கு 1992, வயதுக்கு 2004. மதத்துக்கு மட்டும் தனிச் சட்டம் இல்லை. மதத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதைத் தொழிலாளர் சட்டம் ஓரளவு தடுக்கிறது. மற்றதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விக்டோரியாவிலும் குயின்ஸ்லாந்திலும் மதத்துக்குப் பாதுகாப்பு உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் மத உடைக்கும் தோற்றத்துக்கும் மட்டும் உண்டு. நாட்டிலேயே மக்கள்தொகை அதிகமான நியூ சவுத் வேல்ஸில் மதப் பாகுபாட்டுக்கென ஒன்றும் இல்லை. அங்கே ‘இனம்’ என்ற சொல்லுக்குள் ‘இன-மதத் தோற்றம்’ என்பதையும் அடக்கியிருக்கிறார்கள். யூதர்களும் சீக்கியர்களும் அதற்குள் வந்துவிடுவார்கள். பல இனங்களில் பரவியிருக்கும் முஸ்லிம்கள் வருவதில்லை. சிட்னியில் வாழும் ஒருவருக்குத் தமிழர் என்பதற்காக வீடு மறுத்தால் மாநிலச் சட்டத்தின்படி புகார் கொடுக்கலாம். இந்து என்பதற்காக மட்டும் மறுத்தால் அந்த வழி தெளிவாக இல்லை.

ஆகவே சட்டம் தேவை என்பதில் பெரிய தகராறு இல்லை. மசோதாவைக் கடுமையாக எதிர்த்த அமைப்புகளில் பலவும் தங்கள் மனுவின் முதல் பத்தியிலேயே ‘மத நம்பிக்கையாளர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும்’ என்று எழுதித்தான் தொடங்கின. இதைக் கவனிக்காதவர்கள் மொத்தச் சண்டையையும் ‘கடவுள் நம்பிக்கை எதிர் நாத்திகம்’ என்று படித்து ஏமாந்தார்கள்.

மசோதா பிறந்த நேரமும் முக்கியம். 2017-இல் நடந்த அஞ்சல் வாக்கெடுப்பில் 61.6 சதவீதம் பேர் ஒருபால் திருமணத்துக்குச் சரி என்றார்கள். அந்த டிசம்பரிலேயே திருமணச் சட்டம் மாறியது. ‘இனி எங்கள் கருத்தைச் சொன்னாலே வழக்கு வருமோ’ என்று கவலைப்பட்ட பழமைவாதிகளைச் சமாதானப்படுத்த, முன்னாள் அமைச்சர் பிலிப் ரடாக் தலைமையில் ஒரு மறுஆய்வுக் குழு அமைந்தது. 2018-இல் அது 20 பரிந்துரைகள் தந்தது. 2019-இல் ரக்பி வீரர் இஸ்ரேல் ஃபோலாவ், தற்பால் ஈர்ப்பாளர்கள் உள்ளிட்டோருக்கு நரகம் காத்திருக்கிறது என்று இன்ஸ்டாகிராமில் பதிவிட்டார். அவருடைய ஒப்பந்தம் ரத்தானது. அந்தச் சூட்டிலேயே 2019 ஆகஸ்டில் முதல் வரைவும் டிசம்பரில் இரண்டாவது வரைவும் வந்தன. பெரிய நிறுவனங்கள் ஊழியர்களின் மதப் பேச்சுக்கு வேலை நேரத்துக்கு வெளியே தடை போட முடியாதபடி அவற்றில் ஒரு பிரிவு இருந்தது. அதற்கு ‘ஃபோலாவ் பிரிவு’ என்றே பெயர் விழுந்தது. மருத்துவப் பணியாளர்கள் மனச்சாட்சியைச் சொல்லிச் சிகிச்சை மறுப்பது பற்றியும் ஒரு பிரிவு இருந்தது. முதலாளிகளும் மருத்துவர்களும் எதிர்த்ததில் இரண்டும் போயின. 2021 நவம்பர் 25 அன்று பிரதமர் ஸ்காட் மோரிசனே பிரதிநிதிகள் சபையில் மசோதாவைத் தாக்கல் செய்தபோது அது மூன்றாவது வடிவம்.

12-வது பிரிவு: சண்டையின் நடு இடம்

மசோதாவின் பெரும்பகுதி சாதாரணமானது. மதத்தைக் காரணம் காட்டி வேலை, கல்வி, வீடு, சேவை மறுக்கக் கூடாது. மனித உரிமை ஆணையத்தில் இதற்கென ஓர் ஆணையர் இருப்பார். இவற்றை யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை.

12-வது பிரிவு வேறு ரகம். ‘நம்பிக்கைக் கூற்று’ என்று புதிதாக ஒன்றை அது கொண்டுவந்தது. ஒருவர் தம் மத நம்பிக்கையை நல்லெண்ணத்தோடு, சொல்லாலோ எழுத்தாலோ வெளியிட்டால், அது தம் மதத்தின் போதனைக்கு ஏற்றது என்று அவர் மனதார நம்பினால், அந்தக் கூற்று அந்த அளவில் எந்தப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின்படியும் பாகுபாடு ஆகாது. மேலே சொன்ன நான்கு கூட்டாட்சிச் சட்டங்களும் இதில் அடக்கம், மாநிலச் சட்டங்களும் அடக்கம். டாஸ்மேனியாவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 17(1) என்ற பிரிவை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தார்கள்.

நடைமுறையில் இது எப்படி வேலை செய்யும்? டாஸ்மேனியாவின் தலைநகர் ஹோபார்ட்டில் ஒரு கிளினிக் என்று வைத்துக்கொள்வோம். சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண்ணிடம் வரவேற்பு மேஜையில் இருப்பவர் சொல்கிறார்: ‘முன்பு செய்த பாவம்தான் இப்படி வந்திருக்கிறது. மனம் திருந்தி ஜெபித்தால் எழுந்து நடப்பீர்கள்.’

மசோதா இல்லாத நிலையில் அந்தப் பெண் 17(1)-இன் கீழ் புகார் கொடுக்கலாம். ஒருவரின் ஊனம், பாலினம் போன்ற அடையாளத்தை வைத்து அவரைப் புண்படுத்துவது, சிறுமைப்படுத்துவது, மிரட்டுவது, அவமதிப்பது, கேலி செய்வது ஆகியவற்றை அது தடுக்கிறது. சும்மா மனம் புண்பட்டது என்றால் போதாது. அந்தச் சூழ்நிலையில் இப்படி ஆகும் என்று நியாயமான ஒருவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கக் கட்டணமில்லை. பெரும்பாலும் சமரசப் பேச்சு நடக்கும், தீராவிட்டால் மாநிலத் தீர்ப்பாயத்துக்குப் போகும். வக்கீல் இல்லாமலும் சமாளிக்கலாம்.

மசோதா சட்டமாகியிருந்தால் எதிர்த்தரப்பு ஒரே பதிலைச் சொல்லும்: ‘நான் சொன்னது என் நம்பிக்கை.’ அவர் விசுவாசிதானா, நல்லெண்ணத்தில் பேசினாரா, தம் மதம் அப்படிப் போதிப்பதாக மனதார நம்பினாரா என்று பார்க்க வேண்டும். அவருடைய சபைப் பெரியவர்கள் ‘நாங்கள் அப்படிப் போதிப்பதில்லை’ என்று சொன்னாலும் அதோடு முடியாது, ஏனென்றால் அளவுகோல் அவருடைய நம்பிக்கைதான். முந்தைய வரைவில் அதே மதத்தைச் சேர்ந்த இன்னொருவர் அதை ஏற்கத்தக்கதாகக் கருதுவாரா என்ற ஒரு வெளி அளவுகோலாவது இருந்தது. மூன்றாவது வடிவத்தில் அதுவும் கழன்றுவிட்டது.

இந்தக் கவசத்துக்கு விலக்கு இல்லாமல் இல்லை. கெட்ட எண்ணத்தோடு சொன்னால் செல்லாது. அச்சுறுத்தினால், மிரட்டினால், தொல்லை கொடுத்தால், வெறுப்பைத் தூண்டினால் செல்லாது. கடுங்குற்றத்துக்குத் தூண்டினாலும் செல்லாது. இப்போது இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டாஸ்மேனியப் பட்டியலில் இருக்கும் புண்படுத்தல், சிறுமைப்படுத்தல், அவமதித்தல், கேலி ஆகிய நான்கும் மசோதாவின் விலக்குப் பட்டியலில் இல்லை. வரவேற்பாளர் மிரட்டவில்லை, வெறுப்பைத் தூண்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அந்தப் பெண் சிறுமைப்பட்டதற்குக் கேள்வி கேட்க இடமில்லாமல் போகிறது. எதிர்ப்பின் உயிர்நாடி இந்த நான்கு சொற்கள்தான் என்று சொல்லலாம். எதிர்த்தவர்கள் கையிலெடுத்த உதாரணங்களும் இந்த மாதிரிதான்: மாற்றுத்திறனாளியிடம் பாவம் என்பது, தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயிடம் பாவி என்பது, தற்பால் ஈர்ப்புள்ள சக ஊழியரிடம் தினமும் நரகத்தைப் பற்றிப் பேசுவது.

அரசு சொன்ன சமாதானத்தையும் பார்க்க வேண்டும். காப்பது பேச்சை மட்டும், செயலை அல்ல. வரவேற்பாளர் அந்தப் பெண்ணுக்கு டாக்டரைப் பார்க்க நேரம் ஒதுக்க மறுத்தால் அது அப்போதும் பாகுபாடுதான் என்றார்கள். சட்டப்படி சரி. ஆனால் அலுவலகத் துன்புறுத்தல் வழக்குகளில் பெரும்பாலும் செயலே பேச்சாகத்தான் இருக்கும். மேலாளர் வேலையை விட்டு நீக்க மாட்டார். சொல்லிச் சொல்லியே போக வைப்பார்.

ஆதரித்தவர்களிடமும் ஓர் உதாரணம் இருந்தது. 2015-இல் டாஸ்மேனியாவில் கத்தோலிக்கப் பேராயர் திருமணம் பற்றி வெளியிட்ட சிறு கையேட்டுக்கு எதிராக 17(1)-இன் கீழ் புகார் வந்தது. அடுத்த வருடம் புகார் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் ஒரு மதத் தலைவர் தம் சபையின் போதனையை அச்சிட்டதற்கே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது என்பதை அவர்கள் மறக்கவில்லை. மசோதாவில் அந்தப் பிரிவுக்குத் தனி இடம் கிடைத்ததன் பின்னணி இது. அந்தக் கவலையில் நியாயம் உண்டு என்றே தோன்றுகிறது. மருந்துதான் நோயைவிடப் பெரிதாகிவிட்டது.

இன்னொரு சிக்கல் வெளியே அதிகம் பேசப்படவில்லை, வக்கீல்கள் மட்டும் தலையில் கை வைத்தார்கள். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம் அதுதான்) 2018-இல் ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது. மாநிலத் தீர்ப்பாயம் முறையான நீதிமன்றமாக இல்லாவிட்டால், கூட்டாட்சி நீதி அதிகாரத்துக்குள் வரும் தகராறை அது தீர்க்க முடியாது என்பது அதன் சாரம். நம்பிக்கைக் கூற்று என்பது கூட்டாட்சிச் சட்டம் தரும் தற்காப்பு. எதிர்த்தரப்பு அதை எடுத்த உடனேயே தீர்ப்பாயத்தின் கை கட்டிப்போய், வழக்கு நீதிமன்றத்துக்கு ஏற வேண்டிவரும். அங்கே கட்டணம், வக்கீல், தோற்றால் எதிராளியின் செலவு. கடைசியில் அந்தக் கூற்று காப்புக்குள் வராது என்றே தீர்ப்பானாலும், அதுவரை தாக்குப்பிடிக்க வசதியுள்ளவர்தான் வழக்கை நடத்த முடியும்.

கூட்டாட்சிச் சட்டமும் மாநிலச் சட்டமும் முரண்பட்டால் கூட்டாட்சிச் சட்டமே நிற்கும் என்கிறது ஆஸ்திரேலிய அரசியல் சாசனத்தின் 109-வது பிரிவு. இதனால்தான் முன்பு வந்த நான்கு சட்டங்களும் ‘கூடவே செல்லக்கூடிய மாநிலச் சட்டங்களை நாங்கள் தள்ளவில்லை’ என்று சொல்லி வைத்திருக்கின்றன. இந்த மசோதா அந்த மரபைத் திருப்பிப் போட்டது.

நிறுவனங்களுக்கு விட்ட வழி

7-வது பிரிவு மத அமைப்புகளுக்கானது. ஒரு மதப் பள்ளி தன் கோட்பாட்டுக்கு ஏற்ப நல்லெண்ணத்தோடு தன் மதத்தாரை முன்னிறுத்தினால் அது பாகுபாடு ஆகாது என்றது. பாதிரியாரைத் தேர்ந்தெடுப்பதில் இது வேண்டும் என்பது யாருக்கும் புரியும். கணக்கு வாத்தியாருக்கும் தோட்டக்காரருக்கும் இது எதற்கு என்பதுதான் கேள்வி. மத அமைப்புகள் நடத்தும் மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் வேலைக்கு ஆள் எடுப்பதில் இப்படிச் செய்ய 9-வது பிரிவில் இடம் இருந்தது. இந்த நிறுவனங்களில் பல அரசு நிதியில் ஓடுபவை. ஒரு கிறிஸ்தவ முதியோர் இல்லத்தில் வேலை கேட்கும் இந்து நர்ஸை நினைத்துப் பாருங்கள். மதப் பாகுபாட்டைத் தடுக்க வந்த சட்டமே அவருக்குக் கதவைச் சாத்த ஒரு காரணத்தைக் கொடுக்கிறது. சிறுபான்மை மதத்தவருக்கு இந்த மசோதா இரட்டை முகம் காட்டியது இங்கேதான்.

11-வது பிரிவு விக்டோரியாவைக் குறிவைத்தது. அந்த மாநிலம் 2021 டிசம்பரில் தன் சட்டத்தை இறுக்கியிருந்தது. மதப் பள்ளி ஒருவரை மதம் பார்த்து நிராகரிக்க வேண்டுமானால், அந்த வேலையின் இயல்பிலேயே மதம் அவசியமாக இருக்க வேண்டும். 11-வது பிரிவோ, பள்ளி தன் கொள்கையை எழுதி வெளியிட்டிருந்தால் போதும், அரசு குறித்துச் சொல்லும் மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது என்றது.

பள்ளிப் பிள்ளைகள், ஒரு விடிகாலை

மசோதாவைக் கவிழ்த்தது இவற்றில் எதுவுமில்லை. 1984-ஆம் ஆண்டின் பாலினப் பாகுபாட்டுச் சட்டத்தில் 38(3) என்று ஒரு பழைய பிரிவு இருக்கிறது. தற்பால் ஈர்ப்புள்ள, திருநர் மாணவர்களை மதப் பள்ளிகள் சேர்க்க மறுக்கவோ வெளியேற்றவோ அது இடம் தருகிறது. ஆஸ்திரேலியாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான மாணவர்கள் அரசு சாராத பள்ளிகளில் படிக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை மதப் பள்ளிகள். பிள்ளைகளை வெளியேற்ற முடியாதபடி செய்வேன் என்று 2018-லேயே மோரிசன் வாக்குக் கொடுத்திருந்தார்.

மசோதா விவாதத்துக்கு வரும் நேரத்தில், 2022 ஜனவரி கடைசியில், பிரிஸ்பேனில் ஒரு கிறிஸ்தவப் பள்ளி பெற்றோரிடம் புதிய சேர்க்கை ஒப்பந்தத்தை நீட்டியது. தற்பால் உறவு பாவம் என்பதும், பிறப்பில் குறித்த பாலின அடையாளத்திலேயே பிள்ளை இருக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தன. கொந்தளிப்பு கிளம்பியது, சில நாளில் பள்ளி ஒப்பந்தத்தைத் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்குள் எல்லோரும் 38(3)-ஐப் படித்துவிட்டார்கள்.

அரசு ஒரு பாதிச் சமரசம் கொண்டுவந்தது: தற்பால் ஈர்ப்புள்ள மாணவர்களை வெளியேற்ற முடியாது, திருநர் மாணவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை. பிப்ரவரி 9 இரவு தொடங்கிய விவாதம் 10-ஆம் தேதி விடிகாலை வரை நீண்டது. சுயேச்சைகளோடு அமர்ந்திருந்த சிறு கட்சி உறுப்பினர் ரெபேக்கா ஷார்கி, இரு தரப்பு மாணவர்களையும் காக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். ஆளும் லிபரல் கட்சியின் ட்ரென்ட் சிம்மர்மன், பியோனா மார்ட்டின், கேட்டி ஆலன், டேவ் ஷர்மா, பிரிட்ஜெட் ஆர்ச்சர் ஆகிய ஐவரும் தம் கட்சியின் நிலையை மீறி எதிர்வரிசையோடு வாக்களித்தார்கள். 65-க்கு 59 என்று திருத்தம் நிறைவேறியது. மத அடிப்படையில் வெறுப்பைத் தூண்டுவதைத் தடை செய்யக் கேட்ட, எதிர்க்கட்சியான லேபர் கட்சியின் திருத்தம் 62-க்கு 62 என்று சமமாகி, சபாநாயகரின் வாக்கால் தோற்றது.

புதியவர்கள் குழம்பும் இடம் அடுத்தது. கடைசி வாக்கெடுப்பில் மசோதா 90-க்கு 6 என்று பெரும்பான்மையில் நிறைவேறியது. 12-வது பிரிவை எதிர்த்த லேபர் கட்சியே ஆதரித்து வாக்களித்தது, மீதித் திருத்தங்களை மேல்சபையான செனட்டில் செய்துகொள்ளலாம் என்ற கணக்கு. அங்கே அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. பாலினச் சட்டத்தில் நுழைந்த திருத்தம் பள்ளிகளுக்குச் செய்யும் கெடுதல் மசோதா தரும் நன்மையைவிட அதிகம் என்று ஆஸ்திரேலியக் கிறிஸ்தவ லாபி அமைப்பும் பின்வாங்கியது. அன்றைக்கே அரசு மசோதாவைக் கிடப்பில் போட்டது. செனட்டில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. ஏப்ரலில் நாடாளுமன்றம் கலைந்தபோது காலாவதியானது, மே மாதத் தேர்தலில் அரசும் மாறியது.

எதிர்ப்பு மனு எழுதுவது எப்படி

இந்த மாதிரி மசோதா குழுவுக்குப் போகும்போது பொதுமக்கள் மனு அனுப்பலாம். இந்த மசோதாவை இரண்டு குழுக்கள் ஆராய்ந்தன, இரண்டும் 2022 பிப்ரவரி 4 அன்று அறிக்கை தந்தன. மனுக்களில் வீணாவது ‘இது வெறுப்புச் சட்டம், திரும்பப் பெறு’ என்று மட்டும் எழுதும் வகை. அது எண்ணிக்கையில் சேரும், அறிக்கையில் மேற்கோளாக வராது. பயன்படும் மனு இரண்டு மூன்று பக்கம் இருந்தாலே போதும். நீங்கள் யார், இதில் உங்களுக்கு என்ன அனுபவம் என்று இரண்டு வரி. பிறகு எந்தப் பிரிவு என்று எண்ணோடு சொல்லி, அதன் சொற்களை அப்படியே எடுத்தெழுதுங்கள். அந்தச் சொற்கள் ஓர் ஆளின் வாழ்க்கையில் எப்படி விழும் என்று, மேலே சக்கர நாற்காலிப் பெண்ணுக்குப் பார்த்த மாதிரி, படிப்படியாகக் காட்டுங்கள். கடைசியில் என்ன வேண்டும் என்பது ஒரு வாக்கியம்: ‘12-வது பிரிவை நீக்குக’, அல்லது ‘விலக்குப் பட்டியலில் சிறுமைப்படுத்தலைச் சேர்க்க’. மொத்தமும் வேண்டாம் என்பவர்கள்கூட இரண்டாவது வகைக் கோரிக்கையைச் சேர்ப்பது நல்லது. குழுவில் தயங்கி நிற்கும் ஓர் உறுப்பினர் கையிலெடுக்க அது உதவும்.

குழு ஏற்று வெளியிடும் முன் மனுவை நீங்களே வெளியே போடக் கூடாது. ஏற்றபின் அது குழுவின் ஆவணம், நாடாளுமன்றச் சிறப்புரிமையின் காப்பும் அதற்கு உண்டு. அவசரத்தில் முந்திக்கொண்டு முகநூலில் போட்டால் அந்தக் காப்பு இல்லை. மற்றவர்களின் பெயரையும் மருத்துவ விவரத்தையும் எடுத்துவிடுங்கள். சொல்லியே ஆக வேண்டுமென்றால், ரகசியமாக வைக்கும்படி முதல் பக்கத்திலேயே கேட்கலாம்.

மசோதா போனபின்

ஆஸ்திரேலியச் சட்டச் சீர்திருத்த ஆணையம் 38(3)-ஐ நீக்கச் சொல்லித் தந்த அறிக்கை 2024 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. எதிர்க்கட்சியும் ஒத்துக்கொண்டால்தான் சட்டம் என்றார் பிரதமர் அந்தோனி ஆல்பனீசி. ஒத்துவரவில்லை. 2025 தேர்தல் வரை அந்தப் பிரிவு அப்படியே இருந்தது. நியூ சவுத் வேல்ஸ் 2023-இல் ஒரு சட்டம் செய்தது: மதத்தைக் காரணம் காட்டிப் பொதுவெளியில் வெறுப்பைத் தூண்டுவது இப்போது அங்கே சட்டவிரோதம். ஆனால் அது பொதுவெளியில் நடப்பதற்கு மட்டும். வீட்டு ஏஜென்ட் கதவருகில் மெதுவாக ‘உங்கள் மதத்தாருக்குக் கொடுப்பதில்லை’ என்று சொன்னால், அந்தச் சட்டம் அங்கே எட்டாது.